பூவை அறுத்துப் பார்ப்போம், காய்க்கும்வரை காத்திருப்போம்

பள்ளியில் பூவின் நெடுக்குவெட்டுப் படத்தை நான் நன்றாகவே வரைவேன். அம்புக்குறி போட்டு எல்லாப் பாகங்களுக்கும் பெயரும் எழுதுவேன். செய்முறைத் தேர்வில் நிஜப் பூ ஒன்றைக் கையில் கொடுத்து "சூற்பை எங்கே?" என்று கேட்டபோது, காம்பு சற்றே தடித்திருந்த இடத்தைக் காட்டிவிட்டேன். படத்தில் எல்லாம் பிளந்து கிடக்கும். பூவிலோ முக்கியமானது உள்ளே ஒளிந்திருக்கும்.

வெகுநாள் கழித்துத்தான் ஓர் எளிய வழி பிடிபட்டது. ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து, "பூ வாடிய பிறகு இது என்ன ஆகும்?" என்று கேட்பது. எது உதிரும், எது காயாகும், எது விதையாகும் என்று தெரிந்துவிட்டால் பெயர்கள் தாமாக ஒட்டிக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இந்தக் கட்டுரை அந்த வழியைத்தான் காட்டுகிறது. பூவை அறுக்க ஒரு காலைப்பொழுது போதும். செடியைக் கவனிக்க இரண்டு மாதம், தினமும் சில நிமிடம் வேண்டும்.

முதலில் பூவைத் தேர்ந்தெடுங்கள்

ஒற்றை அடுக்குச் செம்பருத்தியைப் போலத் தொடக்கத்துக்கு ஏற்ற பூ வேறில்லை. பாகங்கள் பெரியவை, வெறும் கண்ணுக்கே தெரியும். அது கிடைக்காவிட்டால் வெண்டைப் பூ. இரண்டும் ஒரே குடும்பம், அமைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். இன்னும் சொன்னால் இரண்டும் வேண்டும். தோட்டத்துச் செம்பருத்தி பெரும்பாலும் காய்ப்பதில்லை, ஆகவே பிற்பாதிக் கதையை வெண்டைதான் சொல்லும்.

சூரியகாந்தி, சாமந்தி இரண்டையும் முதல் நாளில் தொடாதீர்கள். ஒரு பூப்போலத் தெரிவது உண்மையில் நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் கூட்டம். அதற்குத் தலை மஞ்சரி என்று பெயர். நாம் இதழ் என்று பிய்த்துப்போடும் ஒவ்வொன்றும் ஒரு முழுப் பூ. அரளியும் ஊமத்தையும் வேண்டாம். இரண்டும் நஞ்சு, கையில் பிளேடோடு உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சோதனை தேவையில்லை.

ஒரு மொட்டு, அன்று காலை விரிந்த பூ, வாடத் தொடங்கிய பூ என மூன்றைப் பறித்துத் தண்ணீரில் போட்டு வையுங்கள். ஒரு புது பிளேடு, குண்டூசி, வெள்ளைத் தாள், ஒட்டும் டேப், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸ், ஒரு நோட்டுப் புத்தகம். இவ்வளவுதான் தேவை. பிள்ளைகள் கூட இருந்தால் அறுப்பது பெரியவர்கள் வேலை.

வெளியிலிருந்து உள்ளே

பூவைத் தலைகீழாகப் பிடியுங்கள். எல்லோரும் மேலிருந்துதான் பார்க்கிறார்கள், ஆனால் பூ தொடங்குவது கீழிருந்து. காம்பின் நுனி கொஞ்சம் அகன்று ஒரு மேடைபோல இருக்கும். அது பூத்தளம். பூவின் பாகங்கள் எல்லாம் அதன்மேல் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருக்கின்றன.

செம்பருத்தியில் முதலில் தென்படுவது மெல்லிய பச்சைக் குச்சிகள்போன்ற ஒரு வட்டம். இது புறப்புல்லி. எல்லாப் பூவிலும் இருக்காது, எனவே இதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அதை ஒட்டி உள்ளே கிண்ணம்போல இருப்பதுதான் புல்லி வட்டம். ஐந்து புல்லிகள் அடியில் இணைந்து நிற்கின்றன. இப்போது மொட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொட்டாக இருந்தபோது இந்தப் பச்சைக் கிண்ணம்தான் உள்ளே இருப்பவற்றை மூடிக் காத்தது.

அடுத்தது அல்லி வட்டம், அதாவது நாம் இதழ் என்று சொல்வது. ஐந்தையும் எண்ணுங்கள். ஓர் இதழின் ஒரு விளிம்பு பக்கத்து இதழின் மேலும், மறு விளிம்பு அடுத்த இதழின் கீழும் இருக்கும். மொட்டு முறுக்கிக்கொண்டு இருப்பதன் காரணம் இதுதான். இதழ்களை ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கி இழுத்துப் பிரியுங்கள். வேகமாக இழுத்தால் நடுத்தண்டும் சேர்ந்து வந்துவிடும், ஏனென்றால் இதழ்களின் அடி அதோடு ஒட்டியிருக்கிறது.

சரி, இப்போது கையில் மிஞ்சியிருப்பது பச்சைக் கிண்ணமும் நடுவில் ஒரு நீண்ட தண்டும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அது ஒரு தண்டு அல்ல, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. வெளியே இருப்பது குழாய். மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒன்றாக இணைந்து உண்டான குழாய் அது. மேற்பகுதியில் சிறு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வோர் இழையின் நுனியிலும் சிறுநீரக வடிவில் ஒரு மகரந்தப்பை. விரலால் தொட்டால் மஞ்சள் தூள் ஒட்டும். அதுவே மகரந்தம். டேப்பில் ஒற்றி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டி லென்ஸ் வழியே பாருங்கள். செம்பருத்தியின் மகரந்தத்தூள் மற்றப் பூக்களுடையதைவிடப் பெரிது, தனித்தனி உருண்டைகளாகத் தெரியும். நுண்ணோக்கி கிடைத்தால் மேலெல்லாம் முள் இருப்பதையும் பார்க்கலாம்.

குழாயைப் பிளேடின் நுனியால் மெதுவாக நீளவாக்கில் கீறிப் பிரியுங்கள். உள்ளே வெள்ளையாக ஓர் இழை ஓடும். அது சூல்தண்டு. குழாயின் வாய் வழியே வெளியேறி ஐந்தாகப் பிரிந்து, ஒவ்வொரு நுனியிலும் வெல்வெட் போன்ற ஒரு சிவப்புக் குமிழோடு முடிகிறது. அந்தக் குமிழ்கள்தான் சூல்முடி, மகரந்தம் வந்து இறங்கும் இடம். இழையைக் கீழ்நோக்கித் தொடர்ந்து போனால், கிண்ணத்தின் அடியில், வெளிர்ப்பச்சையாக ஒரு சிறு கூம்பு. இதுதான் நான் தேர்வில் கண்டுபிடிக்க முடியாமல் நின்ற சூற்பை.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கைப் பாடநூல்களில் மகரந்தத் தாளைக் கேசரம் என்றும், சூல்தண்டைத் தம்பம் என்றும், சூல்முடியைக் குறி என்றும் எழுதுவார்கள். ஒரு நூலைப் படித்துவிட்டு இன்னொன்றுக்குப் போகிறவர்கள் வேறு பாகமோ என்று மயங்க வேண்டாம்.

சூற்பையை இரண்டு விதமாக வெட்டுங்கள்

ஒரு பூவில் சூற்பையை வெள்ளரிக்காயை வில்லையாக நறுக்குவதுபோலக் குறுக்கே வெட்டுங்கள். ஐந்து அறைகள் தெரியும். சூல்முடியும் ஐந்து, அறையும் ஐந்து. பூவின் பெண் பாகத்தின் அலகான சூலிலை ஒவ்வொன்றும் மடிந்து ஓர் அறையாகி, ஐந்தும் ஒட்டிப் பிறந்ததுதான் இந்தச் சூற்பை. இன்னொரு பூவில் மேலிருந்து கீழாக நீளவாக்கில் பிளந்தால், நடு அச்சோடு ஒட்டிக்கொண்டு வரிசையாக வெள்ளை மணிகள் இருக்கும். அவை சூல்கள். ஒவ்வொன்றும் ஒரு விதையாகக் கூடியது.

வெண்டைப் பூவிலும் இதையே செய்யுங்கள். அப்புறம் முற்றாத ஒரு வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிப் பூவின் வில்லைக்குப் பக்கத்தில் வையுங்கள். அதே அறைகள், அதே நடு அச்சு, அதே வரிசை. அளவு மட்டும்தான் மாறியிருக்கிறது. வெண்டைக்காயின் கூர்நுனியைப் பாருங்கள், அங்கேதான் சூல்தண்டு நின்றது. இந்த இரண்டு வில்லைகளையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்குச் சூற்பை என்ற சொல்லை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

அடுக்குச் செம்பருத்தி சொல்லும் ரகசியம்

ஒற்றை அடுக்கைப் பார்த்தாயிற்று, பல அடுக்கு இதழ்கள் கொண்ட அடுக்குச் செம்பருத்தியை இப்போது எடுக்கலாம். இதழ்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து வரிசையாகத் தாளில் அடுக்குங்கள். உள்ளே போகப் போகச் சில விசித்திரங்கள் அகப்படும். பாதி இதழ், பாதி மகரந்தத் தாள். இதழின் விளிம்பில் ஒரு மகரந்தப்பை தொங்கிக்கொண்டிருக்கும். மகரந்தத் தாளாக வேண்டியவை இதழாகிவிட்டன.

ஜெர்மானியக் கவிஞர் கதே 1790இல் தாவரங்களின் உருமாற்றத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பூவின் பாகங்களும் இலையும் அடிப்படையில் ஒரே உறுப்பின் வெவ்வேறு வடிவங்கள் என்பது அவர் வாதம். இரு நூறாண்டுகள் கழித்து, 1991இல், கோயன், மேயரோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அதற்கு மரபணு விளக்கம் தந்தார்கள். ஏ, பி, சி என்று மூன்று வகை மரபணுக் கட்டளைகள் இருக்கின்றன. ஏ மட்டும் வேலை செய்தால் புல்லி, ஏயும் பியும் சேர்ந்தால் அல்லி, பியும் சியும் சேர்ந்தால் மகரந்தத் தாள், சி மட்டும் என்றால் சூலிலை. சி தன் இடத்தில் வேலை செய்யாவிட்டால் ஏ அங்கேயும் பரவும், மகரந்தத் தாள் வரவேண்டிய இடத்தில் இதழ் வரும். பல அடுக்குப் பூக்களுக்குப் பின்னால் இருப்பது இதுதான். பார்க்க அழகு, ஆனால் மகரந்தம் குறைவு, விதையும் அரிது. நாம் விரும்பி வளர்ப்பது பெரும்பாலும் செடிக்கு நேர்ந்த ஒரு பிசகைத்தான் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

மற்றப் பூக்களுக்குப் போகும்போது

கையில் ஒரு புதுப்பூ கிடைத்தால் முதலில் எண்ணுங்கள். பாகங்கள் மூன்று மூன்றாக இருந்தால் பெரும்பாலும் ஒருவித்திலைத் தாவரம், அதாவது விதைக்குள் ஒரே ஒரு விதையிலை உள்ளது. லில்லியில் புல்லி, அல்லி என்ற வேறுபாடே தெரியாது, ஆறும் ஒரே நிறம். நான்கு நான்காகவோ ஐந்து ஐந்தாகவோ இருந்தால் பெரும்பாலும் இருவித்திலை. இலை நரம்பையும் பார்த்து உறுதிசெய்யலாம். இணையாக ஓடினால் முன்னது, வலைபோலப் பின்னினால் பின்னது.

அடுத்து, சூற்பை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இதழ்கள் தொடங்கும் இடத்துக்கு மேலே என்றால் மேல்மட்டச் சூற்பை, கீழே என்றால் கீழ்மட்டச் சூற்பை. பூ கையில் இல்லாவிட்டாலும் காயை வைத்தே சொல்லிவிடலாம். கத்தரிக்காயிலும் தக்காளியிலும் காம்பும் புல்லியும் ஒரே பக்கம் இருக்கின்றன, எனவே மேல்மட்டம். கொய்யாவில் காம்பு ஒரு முனை, காய்ந்த புல்லி மறுமுனை. அதாவது பூ முழுவதும் சூற்பையின் தலைமேல் இருந்தது. மாதுளையின் கிரீடம் புல்லிதான். அதற்குள் விரலை விட்டால் காய்ந்த மகரந்தத் தாள்கள் உதிரும்.

சில பூக்கள் வேண்டுமென்றே குழப்புவதுபோல இருக்கும். காகிதப்பூவின் நிறம் இதழ் அல்ல, இலை மாறி வந்த பூவடிச்செதில். நடுவில் வெள்ளையாக இருக்கும் சிறு குழல்கள்தான் பூ. எப்போதாவது நடப்பதை "அத்தி பூத்தாற்போல" என்கிறோம். உண்மையில் அத்தி தவறாமல் பூக்கிறது. நாம் அத்திக்காய் என்று நினைப்பது உள்பக்கமாகக் குவிந்த ஒரு மஞ்சரி, பூக்கள் எல்லாம் அதன் உட்சுவரில். ஒன்றைப் பிளந்து லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டால் பழமொழியின் மேல் கொஞ்சம் சந்தேகம் வந்துவிடும்.

நூல் கட்டிக் காத்திருங்கள்

இனிப் பிளேடு வேண்டாம், பொறுமைதான் வேண்டும். வளரும் வெண்டைச் செடியில் மறுநாள் விரியப்போகும் மொட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காம்பில் வண்ண நூல் கட்டித் தேதியைக் குறியுங்கள். பூ விரிவது காலையில், சுருங்குவது அன்றே. அடுத்து இதழ்கள் மகரந்தத் தாள்களின் குழாயோடு சேர்ந்து கழன்று விழும், வெண்டையில் புல்லியும் கூடவே போய்விடும். மிஞ்சுவது சூற்பை. தினமும் ஒரே நேரத்தில் அளவுகோல் வைத்து அளந்து எழுதுங்கள். ஒரு வாரத்துக்குள் அது விரல் நீளம் வளர்வதைப் பார்ப்பீர்கள். அதைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆனபின் காய்ந்து, விளிம்புகளோரம் வெடித்து, கருமையான விதைகளைக் காட்டும்.

பூசணிக் கொடி இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். அதில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மெல்லிய நீளக் காம்பில் நிற்பது ஆண், இதழுக்குக் கீழே சின்னப் பூசணிபோல உருண்டையோடு இருப்பது பெண். முதலில் ஆண் பூக்கள்தான் வரும். "பூக்கிறது, காய்க்கவில்லை" என்று பலர் கவலைப்படுவது இந்த நாட்களில்தான்.

விரியப்போகும் இரண்டு பெண் மொட்டுகளையும் ஓர் ஆண் மொட்டையும் முந்தின மாலையே மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டுங்கள். மறுநாள் அதிகாலையில் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, ஒரு பெண் பூவின் சூல்முடியில் மட்டும் மெதுவாகத் தேய்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். மற்றப் பெண் பூவைத் தொடவே வேண்டாம். வேலையை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும், பூவின் ஆயுள் அந்த ஒரு காலைதான். எல்லாம் சரியாக நடந்தால் தேய்த்த பூவின் பிஞ்சு பருக்கும். தொடாத பூவின் பிஞ்சு சில நாளில் மஞ்சளித்து விழும். வெண்டையை இப்படி மூடினாலும் காய்க்கும், தன் மகரந்தமே அதற்குப் போதும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தன் மகரந்தச் சேர்க்கை, அயல் மகரந்தச் சேர்க்கை என்ற இரண்டு நீளப் பெயர்களும் புரிந்துவிடும்.

கையால் சேர்ப்பது விளையாட்டு வேலை அல்ல. ரீயூனியன் தீவில் 1841இல் எட்மண்ட் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், வனிலாப் பூவின் உள்ளே மறைக்கும் சிறு மடலை ஒரு குச்சியால் தூக்கி மகரந்தத்தைச் சூல்முடியில் அழுத்தும் முறையைக் கண்டுபிடித்தான். உலகின் வனிலாச் சாகுபடி இன்றும் அந்தக் கையசைவில்தான் நடக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத பகுதி

சூல்முடியில் ஒட்டிய மகரந்தத்தூள் அங்கேயே இருந்துகொண்டு ஒரு நுண்ணிய குழாயை வளர்க்கிறது. அந்தக் குழாய் சூல்தண்டின் வழியே இறங்கிச் சூற்பைக்குள் போய், சூலில் உள்ள சிறு துளை வழியே நுழைகிறது. மக்காச்சோளக் கதிரின் பட்டுநூல்கள் ஒவ்வொன்றும் ஒரு பெண் பூவின் சூல்தண்டு, நுனியிலிருந்து அவ்வளவு தூரமும் அந்தக் குழாய் வளர்ந்தாக வேண்டும். ஒரு நூலுக்கு ஒரு மணி. கதிரில் அங்கங்கே பல்லு விழுந்ததுபோல மணி இல்லாத இடங்கள் இருந்தால், அந்த நூல்களுக்கு மகரந்தம் கிடைத்திருக்காது.

குழாய் தன்னோடு இரண்டு ஆண் அணுக்களைக் கொண்டுவருகிறது. ஒன்று முட்டையோடு இணைந்து கருவாகிறது. மற்றொன்று சூலின் நடுவில் இருக்கும் இரண்டு உட்கருக்களோடு இணைந்து, கருவுக்கு உணவாகும் முளைசூழ் தசையை உண்டாக்குகிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898இல் ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் கண்டறிந்தார். முளைசூழ் தசை என்ற பெயர் பயமுறுத்தினால் தேங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். இளநீரும் பருப்பும் இரண்டுமே அதுதான்.

இதற்குப் பிறகு சூல் விதையாகிறது, சூலின் உறை விதையுறையாகிறது, சூற்பையின் சுவர் கனியின் தோலும் சதையும் ஆகிறது. விதிவிலக்குகளும் உண்டு. முந்திரியில் நாம் பழம் என்பது பருத்த காம்பு, உண்மையான கனி கீழே தொங்கும் கொட்டை. ஆப்பிளின் சதையில் பெரும்பங்கு சூற்பையிலிருந்து வந்ததல்ல, அதைச் சுற்றியிருந்த பூத்தளக் கிண்ணம்.

விதையிலிருந்து மறுபடி

தட்டைப்பயறு நான்கைந்தை இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் ஒன்றைத் துடைத்து இலேசாக அழுத்தினால், விதை காயோடு ஒட்டியிருந்த தழும்பின் அருகிலுள்ள நுண்துளையிலிருந்து ஒரு துளி நீர் கசியும். மகரந்தக் குழாய் சூலுக்குள் நுழையும் வழியும் இப்படி ஒரு துளைதான். தோலை உரித்து இரண்டாகப் பிரித்தால் இரண்டு வித்திலைகள், இடுக்கில் ஒரு குட்டிச் செடி. கூர்மையான முனை முளைவேர், மடிந்த இலைகள்போல இருப்பது முளைக்குருத்து. பயற்றில் முளைசூழ் தசையை வித்திலைகள் ஏற்கனவே உறிஞ்சித் தங்களுக்குள் வைத்துக்கொண்டன, அதனால்தான் அவ்வளவு பருமன். ஆமணக்கு விதையைப் பிளந்தால் தசை தனியாகவும் வித்திலை காகிதம்போல மெல்லியதாகவும் இருக்கும்.

மற்ற விதைகளைத் தொட்டியில் ஊன்றுங்கள். முதலில் வேர் இறங்கும், பிறகு தண்டு கொக்கிபோல வளைந்து வித்திலைகளை மேலே இழுத்து வரும். சில வாரங்களுக்கு இலையாகவே போடும். அதன்பின் ஒருநாள், இலைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள இலைக்கோணத்திலிருந்து மொட்டு கிளம்பும். எப்போது பூப்பது என்பதைச் சில செடிகள் வயதை வைத்து முடிவுசெய்கின்றன, சில இரவின் நீளத்தை வைத்து. பகல்–இரவு நீளம் பூப்பதைக் கட்டுப்படுத்துகிறது என்பதைக் கார்னர், அல்லார்ட் என்ற இரு அமெரிக்கர்கள் 1920இல் புகையிலையை வைத்துக் காட்டினார்கள். மூங்கில்களில் சில பல பத்தாண்டுகள் காத்திருந்து ஒருமுறை பூத்துவிட்டு மடிகின்றன. தட்டைப்பயறு அவ்வளவு சோதிக்காது. ரகத்தைப் பொறுத்து ஒன்றரை, இரண்டு மாதத்தில் பூக்கும்.

அந்தப் பூவை அதிகாலையில் பறியுங்கள், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். செம்பருத்தியைப்போல ஐந்து இதழ்கள்தான், ஆனால் ஒன்று கொடிபோல நிமிர்ந்தும், இரண்டு சிறகுபோல விரிந்தும், கடைசி இரண்டு ஒட்டிப் படகுபோலவும் இருக்கும். படகை ஊசியால் பிளந்தால் பத்து மகரந்தத் தாள்கள், ஒன்பது ஒட்டியும் ஒன்று தனித்தும். அவற்றை விலக்கினால் பச்சையாக, மெல்லியதாக, ஒரு சென்டிமீட்டர்கூட வராத ஒன்று. லென்ஸை அருகில் கொண்டுபோங்கள், அது ஒரு தட்டைப்பயற்றங்காய்.